சின்னப் பிஸ்டல் கேட்டு வந்த சிவபாலன்

பாரிஸில் நம் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் மீன் வாங்கப் போனால் மீன் வெட்டுகிறவர் கேட்கிறார். முடி வெட்டிக்கொள்ளப் போனால் கத்தரிக்கோலைக் காதுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "ஐயா, வீட்டுக் காவலுக்கு முதல் முதலா ஒரு கைத்துவக்கு வாங்கிறதெண்டா எது திறம்?" துப்பாக்கிக் கடை வேலையை நான் விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தத் தெருவில் நான் இன்னும் துவக்குக் கடை ஐயாதான். போன மாதம், எனக்குப் பிறகு அந்தக் கவுண்டரில் நிற்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள். இப்போது எல்லாவற்றையும் கணினியில் கணக்குத் திறந்து செய்ய வேண்டியிருக்கிறதாம். "உங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியோடு வந்தால் நீங்கள் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?" என்று கேட்டாள். தொலைபேசியில் ஏதோ பெரிய மனுஷனைப் போலச் சொல்லி வைத்துவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் என்னைப் பற்றி. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் ஆட்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறும். அதனால் மூன்றாவது வாக்கியத்தை நான் பெரும்பாலும் சொல்வதில்லை. நான் இருந்தது சீருடைக் கிடங்கில். என் பணிக்காலம் முழுவதும் காலுறைகளையும் கம்பளிகளையும் அளவு பார்த்து அடுக்கினேன். பயிற்சியில் சுட்டது தவிர துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. அதிலும் என் குண்டுகள் போய்ச் சேர்ந்த இடம் மண்மேடுதான்.

2009இல், கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லாச்சப்பலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்த துப்பாக்கிக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி முசியே தெலோர்ம் என் ராணுவச் சான்றிதழைப் பார்த்தார். எந்தப் பிரிவு என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. மறுநாள் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடி துடைத்தேன், எண்ணெய் போட்டேன், வேட்டைக்காரர்களுக்குச் சப்பாத்து விற்றேன். சப்பாத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் முசியே தெலோர்ம் என் எலும்பில் ஏற்றிவிட்டார். ஒரு பிஸ்டல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போதெல்லாம் மகசினைக் கழற்றவேண்டும். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும். குண்டு உட்காரும் அறையைக் கண்ணால் பார்க்கவேண்டும். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம்தான் கொடுக்கலாம். வாங்குகிறவரும் அதையெல்லாம் முதலிலிருந்து செய்யவேண்டும். "இப்போதுதான் பார்த்தேன், காலி" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கத்தமாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை இரண்டு தடவைக்கு மேல் பார்க்க நான் விரும்பவில்லை. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. இப்போதும் மிக்ஸி ஜாரை மனைவியிடம் கொடுப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். "காலியாத்தான் இருக்கு, நான்தானே கழுவுனேன், குடுங்க" என்பாள்.

ஒரு வருடம் ஆயுத பூஜை அன்று எனக்குப் பக்தி முற்றிவிட்டது. ஊரில் இஸ்திரிப் பெட்டிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறோம், ஆயுதக் கடையிலேயே வேலை செய்துகொண்டு சும்மா இருப்பதா என்று தோன்றியது. முதலாளி வருவதற்கு முன் காட்சிப் பெட்டியில் இருந்த பிஸ்டல்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். முதலில் வந்த வாடிக்கையாளர் போட்டிகளில் சுடுகிறவர். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது முழுக்கத் துரு" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். முசியே தெலோர்ம் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் விஷயத்தைச் சொன்னதும் மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்த வருடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பூ நான் வாங்கி வருகிறேன். ஆனால் குறிபார்க்கும் பள்ளத்துக்குள் வைக்கவேண்டாம்" என்றார். அந்தப் பள்ளங்களிலிருந்து காய்ந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் கிண்டி எடுக்க எனக்கு அந்த வாரம் போதவில்லை.

முதல் கைத்துப்பாக்கி தேடி வருகிறவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதமே தனி. உட்கார ஸ்டூல் போடுவார். பச்சை விரிப்பின்மேல் சோதித்துக் காலியாக்கிய பிஸ்டல் ஒன்றை வைத்து, "எடுங்கள்" என்பார். பிறகு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். விரல் நேரே விசைக்குப் போகிறதா, குழாய் யார் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் பார்ப்பார். நம் ஆட்கள் பெரும்பாலும் என் வயிற்றுக்கு நேரே நீட்டுவார்கள். அப்புறம், "உங்களோடு அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார். அதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

தமிழர்கள் வந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ஒரு மேடை. "இந்த நாட்டுல வீட்டுக் காவலுக்குன்னு நம்மள மாதிரி ஆளுக்குக் கைத்துப்பாக்கி தரமாட்டாங்க. விளையாட்டா சுடுறவங்களுக்குத்தான்" என்று தொடங்குவேன். முதலில் சுடும் கிளப்பில் சேரவேண்டும். மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். மாதக்கணக்கில் கிளப்பின் துப்பாக்கியால் பழகவேண்டும். பொறுப்பாளர் முன்னிலையில், இடைவெளி விட்டு விட்டு, சுட்டுக் காட்டவேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டகம் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு, நமக்கு விசா அட்டை தருகிற அதே அரசு அலுவலகம், பிரிபெக்சர், யோசிக்கும். கிடைத்தாலும் பிஸ்டல் பெட்டகத்துக்குள்தான் கிடக்கவேண்டும், சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கவேண்டும். மருத்துவர் என்ற சொல்லிலேயே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மற்றவர்கள் பிரிபெக்சர் வரைக்கும் தாக்குப்பிடிப்பார்கள். அந்தக் கட்டடத்தின் வரிசையை அறிந்த யாரும் தாமாகவே இன்னொரு முறை அங்கே போய் நிற்க விரும்புவதில்லை. போகும்போது மிளகு ஸ்ப்ரே ஒன்று வாங்கிப் போவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு தமிழருக்குக்கூட நான் பிஸ்டல் விற்றதில்லை. ஆனால் லாச்சப்பலில் என் பேச்சைக் கேட்டவர்கள், நாளுக்கு நான்கு விற்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எழுந்து போகாத ஒரே ஆள் சிவபாலன்.

பாரிஸுக்கு வெளியே சார்செலில் வீடு, இங்கே ஒரு உணவகத்தில் சமையல். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். அவர் மனைவி லோகேஸ்வரி வன்னியில் இருந்தவர். 2009இல் அங்கே நடந்த கடைசிப் போரிலிருந்து தப்பிப் பிழைத்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, காலை பத்து மணி வாக்கில் படுத்துத் தூங்குவார். அப்படி ஒரு காலையில், வீட்டில் ஆளில்லை என்று நினைத்துக் கதவை உடைத்துக்கொண்டு திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். அவர் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டார். அவர்கள் அலுமாரியைத் திறந்து தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அதுக்குப் பிறகு மனிசிக்கு நித்திரையே இல்லை ஐயா" என்றார் சிவபாலன். "நான் வேலைக்கு வந்திட்டா அரிசி மூட்டையை இழுத்துக் கதவோட வைச்சிட்டு, அதுக்கு மேலயே குந்தி இருக்கிறா. வேலையில நிண்டபடி தூங்கி விழுந்து சூப்பர்வைசரிட்டப் பேச்சும் வாங்கிட்டா. எனக்கு ஒரு துவக்கு வேணும். அது இருக்கெண்டு தெரிஞ்சா அவ நித்திரை கொள்ளுவா."

நான் மேடை ஏறினேன். கிளப், மருத்துவர், பெட்டகம், பிரிபெக்சர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஓம். எங்க தொடங்கிறது?" என்றார். என் பேச்சுக்கு இப்படி ஒரு முடிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முசியே தெலோர்ம், "வீட்டுக் காவலுக்கென்றால் நான் விற்கமாட்டேன். விளையாட்டுக்கென்றால் பழகிவிட்டு வரட்டும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "விளையாட்டுக்குத்தான் எண்டு சொல்லுங்கோ" என்றார் சிவபாலன். அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை. நான் சொன்னேன்.

கிளப்பில் மொழி பிரச்சினையாக இருக்கும் என்று நானும் கூடப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, நல்ல உயரம், கண்டிப்பான குரல். நான் துப்பாக்கிக் கடைக்காரன், பழைய ராணுவத்தான் என்று கேட்டதும், "முதலில் நீங்கள் சுட்டுக் காட்டுங்கள், உங்கள் நண்பர் பார்க்கட்டும்" என்றார். தப்பிக்க வழியில்லை. ஐந்து குண்டு சுட்டேன். என் அட்டை புத்தம்புதிதாக இருந்தது. பக்கத்து வரிசைக்காரர் தன் அட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, தான் சுட்டதைவிட ஓட்டை அதிகமாக இருப்பதாகச் சொன்னார். அதன்பிறகு அந்த அம்மையார் என்னை மொழிபெயர்ப்போடு நிறுத்திக்கொண்டார். சிவபாலனுக்கோ வெங்காயம் அரிந்து பழகிய கை, கொஞ்சமும் ஆடவில்லை. சில மாதங்களிலேயே அவர் குண்டுகள் ஒரு கோப்பைக்குள் அடங்கும் அளவுக்கு நெருங்கி விழுந்தன.

மனைவியிடம் அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தார். அனுமதி கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். நானும் தலையாட்டினேன். என் முதல் தமிழ் வாடிக்கையாளர் கைநழுவிப் போய்விடக் கூடாது என்பதில் எனக்கு இருந்த அக்கறை, அந்த அம்மாவின் தூக்கத்தில் இருந்ததா என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அனுமதி வந்தது. அந்த வாரம் லாச்சப்பலில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், எனக்கே ஏதோ பதக்கம் கிடைத்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். முசியே தெலோர்ம், ஆரம்பக்காரருக்கு ஏற்றது என்று இருபத்திரண்டு காலிபரில் நீண்ட குழாய் கொண்ட ஒன்றைப் பச்சை விரிப்பில் எடுத்து வைத்திருந்தார். கையின் அளவுக்குப் பிடி, கொஞ்சம் எடை, அதனால் சுடும்போது கையில் உதறல் குறைவு. சிவபாலன் எடுத்தார், மகசினைக் கழற்றினார், பின்னுக்கு இழுத்தார், பார்த்தார், சுண்டுவிரலை விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, இன்னும் சின்னதா ஏதும் இருக்கோ?"

"ஏங்க? கைக்கு இதுதானே சரியா இருக்கு?"

"கைக்குச் சரி. பெட்டிக்குள்ள இடமில்லை."

விஷயம் இதுதான். பெட்டகம் வீட்டுக்கு வந்த அன்று, இது எதற்கு என்று லோகேஸ்வரி கேட்டிருக்கிறார். நகை வைக்க என்று சொல்லியிருக்கிறார் இவர். அவர் உடனே மிச்சமிருந்த காப்பு, தோடு, பாஸ்போர்ட்டுகள், கலியாண ஆல்பம், கூறைச்சேலை என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். "இப்ப ஒரு கை உள்ள போறதே கஷ்டம்" என்றார் சிவபாலன்.

முசியே தெலோர்ம் என்ன பேசுகிறோம் என்று கேட்டார். சின்னதாகக் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். மூக்குக் கண்ணாடி கீழே இறங்கியது. "குழாய் குட்டையானால் குறி தவறும், உதறலும் கூடும். விளையாட்டாகச் சுடுகிற யாரும் சின்னதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் கேட்கிறார்?" என்றார். பெட்டகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதாயிற்று. "அப்படியானால் சாவி யாரிடம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. சாவி லோகேஸ்வரியிடம். "அந்த அம்மாவை அழைத்து வரச் சொல்லுங்கள். அவரைப் பார்க்காமல் நான் எதையும் விற்கப் போவதில்லை."

அடுத்த வாரம், சிவபாலனுக்கு விடுமுறை நாளில், இருவரும் வந்தார்கள். லோகேஸ்வரி குள்ளமான பெண், கண்ணுக்குக் கீழே கருமை இறங்கியிருந்தது. கடைக்குள் வந்ததும் சுவரைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி ஸ்டூல் போட்டார். பச்சை விரிப்பில் பிஸ்டல் இருந்தது. லோகேஸ்வரி தன் கைப்பையைத் தூக்கி, அதற்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டார்.

சிவபாலன் தொண்டையைச் செருமினார். "லோகா, நான் உமக்கு ஒண்டு சொல்லேல்லை. நான் ஞாயிற்றுக்கிழமையில..."

"தெரியும். முதல் ஞாயிறே தெரியும்."

"ஆர் சொன்னது?"

"உங்கட சேட்டுத்தான். தோய்க்க எடுக்கேக்க வெடிமருந்து மணந்தது. அந்த மணம் எனக்குத் தெரியாதோ? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில அப்பிடி மணக்காது."

நான்தான் அசட்டுத்தனமாக, "அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் பெட்டியில நகையெல்லாம் வச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. அதுக்குத்தான் வைச்சனான். வேண்டாமெண்டா இவர் கேக்கமாட்டார். எனக்காக எண்டு நினைச்சு ஓடித் திரியிறார், அதையும் எப்பிடிச் சொல்லுறது? இடமில்லாட்டி விட்டிடுவார் எண்டு பாத்தன். கூறைச்சேலையும் போட்டு நிரப்பினன். இவர் சின்னது கேட்டு வருவார் எண்டு நான் கண்டனோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். கூறைச்சேலை என்பதைத் திருமண உடை என்று சொன்னேன்.

லோகேஸ்வரி கணவரின் பக்கம் திரும்பினார். "அண்டைக்குக் குளியலறைக்குள்ள இருந்து நான் அவங்கட சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். இழுக்கிற சத்தம், உடைக்கிற சத்தம். துவக்குச் சத்தம் ஒண்டும் இல்லை. லோட் பண்ணிற சத்தம் இல்லை. அதாலதான் நான் உயிரோட வெளியில வருவன் எண்டு நம்பினன். அவங்கள் முதல் திறந்தது எங்கட அலுமாரியைத்தான். அதுக்குள்ள உங்கட துவக்கு இருந்திருந்தா, அது அண்டைக்கு ஆர்ர கையில இருந்திருக்கும், சொல்லுங்கோ?"

என் முதல் விற்பனை என் கண்முன்னே எழுந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே வாயைத் திறந்தேன். பெட்டகம் என்பது அலுமாரி மாதிரி இல்லைம்மா, இரும்பு, சட்டப்படி எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டார்.

"உங்கட வீட்டில ஒண்டு இருக்கோ ஐயா?"

"இல்லம்மா."

"இவ்வளவு காலம் இதுக்குள்ளயே நிக்கிறீங்கள். ஏன் இல்லை?"

சட்டம், பிரிபெக்சர், மருத்துவர் என்று எத்தனையோ பதில்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அந்தக் கருமை இறங்கிய கண்களுக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"பயம்மா" என்றேன்.

முசியே தெலோர்ம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார். துப்பாக்கி விற்கிறவன் தன் முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது? 'எனக்கு அதில் ஆர்வம் இல்லை' என்று மாற்றிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிறிதும் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார். நான் இத்தனை நாள் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவர் பிஸ்டலைத் திறந்து பார்த்து, விரல் விட்டுச் சோதித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு லோகேஸ்வரியிடம் ஒன்று கேட்கச் சொன்னார். உடைத்த பிறகு அந்தக் கதவை என்ன செய்தார்கள்? பழைய கதவைத்தான் ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறோம், பூட்டு ஒன்று மாற்றினோம் என்றார் அவர். முதலாளி இரண்டு கையையும் விரித்தார். நான்தான் ஒரு வருடமாக ஒரு மனிதரை மருத்துவரிடமும் கிளப்பிலும் பிரிபெக்சரிலும் ஓடவிட்டேன். உங்கள் வீட்டுக் கதவு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டிருந்தால்? எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்கு இரும்புக் கதவு போட்டுத் தந்தவரை முதலாளி அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டு, சார்செல் முகவரியைச் சொன்னார்.

"அப்ப நான் இவ்வளவு காலமாச் சுட்டது?" என்று கேட்டார் சிவபாலன். பாவமாக இருந்தது.

"அது உங்கட விளையாட்டுத்தானே. போங்கோ, வடிவா விளையாடுங்கோ. ஆனா விளையாட்டுச் சாமானை அங்கையே வைச்சிட்டு வாங்கோ" என்றார் லோகேஸ்வரி.

புதுக் கதவு போட்டுக் கொஞ்ச நாளில் எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். சிவபாலன் ரயிலடிக்கே வந்து என்னையும் என் மனைவியையும் கூட்டிப்போனார். காலையிலேயே சமைத்து வைத்துவிட்டதாகவும், அந்தக் கதவைப் பார்த்தால் வங்கிக் கதவு போல இருக்கும் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே ஏறி மணியை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. சாவியைப் போட்டார், உள்ளே போகவில்லை. உள்பக்கம் சாவி செருகியிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டார். உள்ளே மணியடித்து ஓய்ந்தது. "லோகா" என்று கையால் தட்டினார். அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன்.

அவர் கதவில் காதை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். நானும் காதை வைத்தேன். அவ்வளவு தடித்த கதவையும் தாண்டி, நல்ல கனமான, சீரான ஒரு குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. என் மனைவியும் வந்து கேட்டாள்.

"நீங்க வேற, அந்தப் பொண்ணு தூங்குது" என்றாள்.

நான் மணிக்குக் கையைக் கொண்டுபோனேன். சிவபாலன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"விடுங்கோ ஐயா" என்றார். "எழும்பேக்க எழும்பட்டும்."

மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கதவுக்கு அந்தப்பக்கம் ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. எனக்குப் பசி உயிர் போனது. ஆனாலும் யாரும் மணியை அழுத்தவில்லை.